செடிக்குத் தெரியக் கூடாது

தாளக்கொம்பையில் முட்டாள்கள் நான்கே பேர்தான் என்று சுற்று வட்டாரத்தில் சொல்வார்கள். மலைமேல் இருக்கிற ஒரு சின்ன ஊருக்கு நான்கு பேர் என்பது அப்படியொன்றும் அதிகமில்லை. அந்தப் பேச்சு சம்பந்தப்பட்ட நான்கு பேர் காதிலும் விழுந்திருக்கிறது. “அப்படியா? யாரந்த நாலு பேரு?” என்று அவர்களும் பல வருஷமாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நால்வரும் லோடுமேன்கள். வீடு மாற்றுவது, மூட்டை இறக்குவது, பீரோ தூக்குவது அவர்கள் தொழில். மொக்கையன் மேஸ்திரி, முடிவு சொல்கிறவன். பவுன்ராசு படிக்கத் தெரிந்தவன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரை பள்ளிக்கூடம் போனான், எழுதப் பழகுவதற்குள் நின்றுவிட்டதால் எழுத மட்டும் வராது. சடையாண்டி சந்தேகம் கேட்கிறவன். பெத்தணன் தூக்குகிறவன். பெத்தணன் வாயைத் திறப்பது சாப்பாட்டுக்கும் கொட்டாவிக்கும்தான்.

இவர்களும் ஒரு காலத்தில் சொந்தப் புத்தியை உபயோகித்தவர்களே. கல்யாணச் சீர்க்கட்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், மாப்பிள்ளை வீட்டில் இடம் நெருக்கடி என்று பார்த்துவிட்டுச் சொந்தமாக யோசித்து, இடம் தாராளமாக இருந்த ரேஷன் கடையில் இறக்கிவிட்டார்கள். அன்று இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து திட்டிய திட்டில் நான்கு பேரும் கன்னிமார் கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். இனிமேல் சொன்னதைச் செய்வது, சொல்லாததைச் செய்வதில்லை, யோசிப்பது கிடையவே கிடையாது. அந்தச் சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள். அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் ஊர்க்காரர்கள்.

அந்த ஊரில் எஸ்தர் சிஸ்டர் என்று ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். மீதிப் பேர் அவர் கையால் ஊசி வாங்கியவர்கள். ஆகையால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. மேட்டுத்தெருவில் சங்கிலிமுத்துவின் வீட்டில் வாடகைக்கு இருந்தார். அந்த வீட்டுத் தோட்டத்தில்தான் அவருடைய பியோனிச் செடி இருந்தது.

பியோனி பனி கொட்டுகிற தேசத்துச் செடி. பக்கத்து மலையில் கான்வென்டு நடத்திய கன்னியாஸ்திரி ஒருவர் தன் ஊருக்குத் திரும்பிப் போகும்போது, செய்தித்தாளில் சுற்றி ஒரு கிழங்கைச் சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நட்டு மூன்று வருஷம் கழித்துப் பூத்தது. ரோஸ் நிறத்தில், முட்டைக்கோஸ் பருமனுக்கு ஒரே பூ. அதன் பிறகு சித்திரைக்குச் சித்திரை பூத்து, போன சித்திரையில் ஒன்பது பூ. உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் கருக்கிவிடுகிற உறைபனி இதை ஒன்றும் செய்யாது. மேலே இருக்கிற தண்டு காய்ந்து விழும்; கீழே கிழங்கு நிம்மதியாகத் தூங்கும்; மாசியில் சிவப்புச் சிவப்பாக முளை எட்டிப் பார்க்கும். நூறு வருஷம்கூட இருக்குமாம். ஒரே ஒரு குணம்தான் கெட்டது. இடத்தை மாற்றினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

சிஸ்டருக்குப் பிள்ளை குட்டி இல்லை. கணவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. சாயங்காலம் ஒரு தம்ளர் காப்பியை எடுத்துக்கொண்டு செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று அதனிடம் சொல்வார். ஒரு பூவைக்கூடப் பறித்ததில்லை. அந்தச் செடிமேல் அவருக்கு உயிர்.

இப்படி இருக்கும்போது சங்கிலிமுத்து அந்த வீட்டை இடித்துவிட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்கு லாட்ஜ் கட்டப்போவதாகச் சொன்னார். கார்த்திகை ஒன்றாம் தேதி முதலில் தோட்டத்துப் பக்கம் கடக்கால் தோண்ட வேண்டும். சிஸ்டர் பள்ளத்தெருவில் ஒரு சின்ன வீட்டைச் சொந்தமாக வாங்கினார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவருடைய முட்டிக்கு மதுரையில் ஆபரேஷன் செய்ய ஐப்பசி பத்தாம் தேதிதான் இடம் கிடைத்தது. திரும்பி வர மூன்று வாரம் ஆகும். செடியை மாற்றுகிற காலமோ ஐப்பசிக் கடைசி.

வேறு வழியில்லாமல் சிஸ்டர் நான்கு பேரையும் கூப்பிட்டார். ஒரு தாளில் ஐந்து வரி எழுதி மூன்று தடவை சத்தமாகப் படித்துக் காட்டினார்.

ஒன்று: தண்டும் இலையும் வாடி விழுந்த பிறகுதான் தோண்ட வேண்டும்.

இரண்டு: கிழங்கில் உள்ள முளை மண்ணுக்குக் கீழே இரண்டு விரல் ஆழத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் புதைத்தால் பூக்காது.

மூன்று: குளிர் நல்லது. போர்த்தக் கூடாது.

நான்கு: பழைய இடம் எப்படியோ புது இடமும் அப்படியே இருக்க வேண்டும். காலை வெயில் முக்கியம்.

ஐந்து: இடம் மாறியதே செடிக்குத் தெரியக் கூடாது. அவ்வளவு பக்குவமாகச் செய்ய வேண்டும்.

“புரிஞ்சுச்சாடா மொக்கையா? எழுதினபடி செய்யி. உன் சொந்தப் புத்தி வேண்டாம்.”

“அந்தப் பயமே உங்களுக்கு வேணாம் சிஸ்டரம்மா,” என்றான் மொக்கையன். அது உண்மைதான்.

“அது பட்டுப் போச்சுன்னா நான் தாங்க மாட்டேன்டா,” என்றார் சிஸ்டர். பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். போகும்போது, “வீட்டுச் சாமான் எல்லாத்தையும் அப்படி அப்படியே கொண்டுபோய் வச்சிருங்க,” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அவர் அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

சாமான் மாற்றுகிற வேலை இரண்டு நாளில் முடிந்தது. அப்படி அப்படியே என்று சொன்னதால், குடத்தைத் தண்ணீரோடும், குப்பைக்கூடையைக் குப்பையோடும், அலமாரியை உள்ளே இருந்த பல்லியோடும் கொண்டுபோனார்கள். சுவரில் ஆணியில் தொங்கிய காலண்டர் மட்டும் கொஞ்சம் சிரமம் கொடுத்தது. ஆணியைச் சுற்றி ஒரு முழம் சுவரைக் கடப்பாரையால் பெயர்த்து, காலண்டரும் ஆணியும் சுவருமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் புது வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். தேதி கிழிக்கவில்லை. கிழிக்கச் சொல்லவில்லையே.

அப்புறம் செடிக்கு வந்தார்கள். செடி நல்ல பச்சையாக இருந்தது. நான்கு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

“வாடலையேண்ணே,” என்றான் சடையாண்டி.

“வாடும்.”

“எப்ப?”

“பவுனு, தாள்ல தேதி போட்டிருக்கா?”

“போடலண்ணே.”

“அப்ப உக்காரு.”

விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மலைக்குளிர் எலும்பில் இறங்கியது. தோளில் கிடந்த கம்பளியை இழுத்துப் போர்த்தப் போன பெத்தணனைப் பவுன்ராசு தடுத்தான்.

“மூணாம் வரி என்ன சொல்லுது? போர்த்தக் கூடாது.”

“அது செடிக்கில்ல?” என்றான் சடையாண்டி.

பவுன்ராசு தாளைத் திரும்பவும் எழுத்துக் கூட்டிப் பார்த்தான். “செடிக்குன்னு போடல. பொதுவாத்தான் போட்டிருக்கு.”

நான்கு பேரும் கம்பளியை மடித்து வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஐப்பசி இருபத்தைந்து ஆனது. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற நான்கு பேருக்கும் சளி பிடித்திருந்தது.

“சும்மா இருந்தா அது எப்படிண்ணே வாடும்?” என்றான் சடையாண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “எங்க அத்தை செத்தப்ப எங்க மாமன் மூணே நாள்ல வாடித் துரும்பாயிட்டாரு. வாடணும்னா ஒரு துக்கம் வேணும்ணே.”

மொக்கையன் அதை நெடுநேரம் எடைபோட்டான். “இது யோசனையா, தகவலா?”

“தகவல்தாண்ணே. எங்க மாமன் இன்னமும் இருக்காரு, கேட்டுக்க.”

“தகவல்னா சரி.”

சடையாண்டிக்கு ஒப்பாரி நன்றாக வரும். செடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

“மலையேறி வந்த மகளே – உனக்கு
மண்ணுல ஒரு சாண் எடமில்லையே!
பனியில நின்ன தாயே – உன்னப்
பள்ளத்துல கொண்டு...”

“ஏய்! பள்ளம்னு சொல்லாத! அஞ்சாம் வரிய மறந்துட்டியா?” என்று மொக்கையன் அவன் வாயைப் பொத்தினான். சடையாண்டி அந்த அடியை விட்டுவிட்டு மற்ற அடிகளை உருக்கமாகப் பாடினான். மற்ற மூவரும் மாரடித்தார்கள்.

சிஸ்டர் வீட்டிலிருந்து ஒப்பாரி கேட்டால் மேட்டுத்தெருக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஆபரேஷனுக்குப் போன மனுஷி! தெருவே அழுதுகொண்டு ஓடி வந்தது. முதல் ஆளாகச் சங்கிலிமுத்து பெரிய ரோஜா மாலையோடு வந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, பாதிக்கு மேல் தெரியாது. ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று சிஸ்டர் ஐந்து வருஷமாகச் சொல்லியும் பயந்துகொண்டு தள்ளிப் போட்டவர். கேட்டில் இருந்த தன் பெயர்ப் பலகையைக் கையால் தடவிப் பார்த்து, நம் வீடுதான் என்று உறுதி செய்துகொண்டு உள்ளே வந்தார். தடவித் தடவிப் போய்ப் பெத்தணன் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு விம்மினார்.

“புண்ணியவதி! நின்னபடியே போயிட்டாகளா?”

“இல்லீங்க,” என்றான் பெத்தணன்.

பிணம் பேசியதும் சங்கிலிமுத்து போட்ட சத்தம் அடுத்த மலைக்குக் கேட்டது. அவரைத் தூக்கி உட்கார வைத்து, சோடா கொடுத்து, சிஸ்டர் மதுரையில் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார், ஒப்பாரி செடிக்குத்தான் என்று விளக்கினார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் திட்டிவிட்டுப் போனார்கள். சங்கிலிமுத்து மட்டும் எழுந்து கையை நீட்டிச் சொன்னார்.

“செடியோ கொடியோ, எனக்குத் தெரியாது. கார்த்திகை ஒண்ணாந்தேதி விடிஞ்சதும் ஆளோட வருவேன். எப்படியும் இடிக்கப்போறதுதான், இங்க வேணுங்கிறத எடுத்துக்கிட்டுப் போயிருங்க. அன்னைக்கு என் கேட்டுக்குள்ள எது நின்னாலும் வெட்டிச் சாச்சிருவேன்.”

அன்று ராத்திரியும் மறுநாள் ராத்திரியும் உறைபனி விழுந்தது. காலையில் வந்து பார்த்தால் பியோனியின் தண்டெல்லாம் பழுத்து, இலை சுருண்டு மண்ணில் கிடந்தது. வருஷா வருஷம் நடக்கிறதுதான். ஆனால் மொக்கையன் சடையாண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். சடையாண்டியால் சந்தோஷப்பட முடியவில்லை. மலைச்சரிவில் நின்ற உருளைக்கிழங்கு முழுக்கக் கருகிப் போயிருந்ததைப் பார்த்துக் கண் கலங்கினான்.

“நான் கொஞ்சம் மெதுவாப் பாடியிருக்கணும்ணே,” என்றான்.

அடுத்து நான்காம் வரி. பழைய இடம் எப்படியோ புது இடமும் அப்படியே. பவுன்ராசு இரண்டு இடத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினான்.

“வெயில் சரியா இருக்கு. மத்தபடி ஒண்ணும் ஒத்துப் போகலண்ணே. அங்க துவைகல்லு இல்ல. கொடிக்கம்பி இல்ல. உடைஞ்ச பிரம்பு நாற்காலி இல்ல. பக்கத்து வீட்டு ஆடு இல்ல.”

“செடி இங்கேயிருந்து பார்த்தா எதிர்ல என்ன தெரியும்?”

நான்கு பேரும் செடிக்குப் பக்கத்தில் மல்லாந்தும் ஒருக்களித்தும் படுத்துப் பார்த்தார்கள். எதிரே சங்கிலிமுத்துவின் தகர கேட்டு தெரிந்தது. பச்சை வர்ணம், அதில் அவர் பெயர் பொறித்த பித்தளைப் பலகை.

“வேணுங்கிறத எடுத்துக்கிட்டுப் போங்கன்னு முதலாளி சொல்லியிருக்காருல்ல?” என்றான் மொக்கையன். “இது பூராவும் வேணும்.”

அன்றைக்கு முழுக்கப் பெத்தணன் சும்மாட்டை இறக்கவே இல்லை. துவைகல் போனது. கொடிக்கம்பி போனது, அதில் சிஸ்டரின் பழைய வெள்ளைச் சேலை ஒன்று எப்போதும் காயும் என்பதால், பெட்டியைத் திறந்து அதையும் எடுத்து நனைத்துக் காயப் போட்டார்கள். தகர கேட்டைக் கழற்றிக் கொண்டுபோய்ப் புது வீட்டு வாசலில் மாட்டினார்கள். பக்கத்து வீட்டு ஆட்டைக் கேட்டு வாங்கி அதே மூலையில் கட்டினார்கள். கடைசியாக மொக்கையன் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தான்.

“எனக்கே மேட்டுத்தெருவில நிக்கிற மாதிரிதான் இருக்கு,” என்றான்.

“நெசமாவே மேட்டுத்தெருவா இருந்தா?” என்று சடையாண்டி சந்தேகம் கேட்டான். அதைத் தீர்த்துக்கொள்ள நான்கு பேரும் மேட்டுத்தெரு வரைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இப்போது ஐந்தாம் வரி. வேர் அறுபடாமல் சுற்றிலும் அகலமாகத் தோண்டி, மண்கட்டியோடு கிழங்கைத் தூக்கினார்கள். மண் வேலையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கை பழகிய வேலை, புத்தி தேவைப்படவில்லை.

“வேண்டாத பூனைய எப்படிக் கொண்டு விடுவோம்?” என்றான் மொக்கையன். “சாக்குல போட்டு, வழி தெரியாம இருக்க மூணு சுத்துச் சுத்தி...”

“சாக்குல போட்டா போர்த்தின மாதிரி ஆகாதா?”

“போர்த்துறது மேல போடுறது. இது உள்ள போடுறது.”

சாக்கில் போட்டுக் கட்டி, பெத்தணன் தலையில் ஏற்றி, ஊரை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். இறக்கத்தில் இறங்கினால் பள்ளத்தெரு என்று செடி கண்டுபிடித்துவிடும் என்று சடையாண்டி சொன்னதால், இறங்கின அளவுக்குத் திரும்ப ஏறினார்கள். ஏறின அளவுக்குத் திரும்ப இறங்கினார்கள். வழியில் யார் எதிர்ப்பட்டாலும் மொக்கையன் உதட்டில் விரலை வைத்தான். சாயங்காலம் புறப்பட்ட இடத்துக்கு முந்நூறு அடி தள்ளி, பள்ளத்தெரு வீட்டில் சாக்கு இறங்கியது.

இரண்டு விரல் ஆழம் என்பது யாருடைய விரல் என்று கொஞ்சம் தகராறு வந்தது. பவுன்ராசு விரல் குச்சி. பெத்தணன் விரல் மொந்தன் வாழைப்பழம். சிஸ்டரின் விரல்தான் கணக்கு என்றும், அது மதுரையில் இருக்கிறது என்றும் சடையாண்டி சொன்னான். கடைசியில், சிஸ்டர் மருந்து அளக்கும்போது விரலைப் படுக்க வைத்துத்தான் அளப்பார் என்று பவுன்ராசுவுக்கு ஞாபகம் வந்தது. பெத்தணன் தன் இரண்டு விரலை ஒன்றின்மேல் ஒன்றாகக் கிழங்கின் முளைமேல் படுக்க வைத்தான். அதற்குச் சரியாக மண்ணைத் தள்ளி மூடினார்கள். ஆழம் ரொம்பச் சரி.

“விரல எடுக்கட்டுமா?” என்று கண்ணாலேயே கேட்டான் பெத்தணன்.

பவுன்ராசு தாளைப் பார்த்தான். “எடுக்கச் சொல்லி எழுதலண்ணே.”

ஆகவே பெத்தணன் எடுக்கவில்லை. செடிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இரண்டு விரலோடு குப்புறப் படுத்துக்கொண்டான். சோற்றை மற்றவர்கள் ஊட்டினார்கள்.

கார்த்திகை ஒன்றாம் தேதி விடிந்தது. ஒரே மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. சங்கிலிமுத்து கீழே தேனிப் பக்கத்திலிருந்து வரவழைத்த நான்கு ஆட்களோடு, மண்வெட்டி, கடப்பாரை, சுண்ணாம்புப் பொடி சகிதம் மேட்டுத்தெருவில் நடந்தார். சுவரைத் தடவிக்கொண்டே போனார். அவர் வீடு இருந்த இடத்தில் கை வைத்தார். கேட்டைக் காணோம்.

“இது இல்லப்பா. என் வீட்டுக்குப் பச்சைக் கேட்டு இருக்கும்,” என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார். ஒவ்வொரு வாசலாகத் தடவிக்கொண்டே தெரு முடிந்து, வளைந்து, பள்ளத்தெருவுக்குள் இறங்கினார். நாலாவது வாசலில் தகரம் தட்டுப்பட்டது. பித்தளைப் பலகையைத் தடவினார். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் வழக்கமான ஆடு கத்தியது.

“இதுதான். ஆரம்பிங்கப்பா,” என்றார்.

ஆட்கள் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு நேராகச் செடிமேல் போய், செடியைத் தாண்டி, பெத்தணன் முதுகில் ஏறி இறங்கியது.

மொக்கையனுக்கு உயிரே போய்விட்டது. “ஐயா, இது உங்க...” என்று வாயைத் திறந்தவன் பட்டென்று மூடிக்கொண்டான். இது உங்க வீடு இல்லை என்றால் செடி கேட்கும். பள்ளத்தெரு என்றால் அதைவிட மோசம். பவுன்ராசு தாளில் ஐந்தாம் வரியைத் தொட்டுக் காட்டினான். சடையாண்டி வாயைப் பொத்திக்கொண்டு குதித்தான்.

“ஐயா, ஒரு ரகசியம். கொஞ்சம் வெளிய வாங்க,” என்று மொக்கையன் முதலாளியின் காதில் முணுமுணுத்தான்.

“நமக்குள்ள என்னடா ரகசியம்? இங்கேயே சொல்லு.”

“இங்க சொல்ல முடியாதுங்க. ஒரு ஆளு கேட்டுக்கிட்டிருக்கு.”

“யாரு?”

மொக்கையன் செடியை நோக்கிக் கண்ணைக் காட்டினான். கண்ணைக் காட்டிக் காட்டி என்ன பயன்? பார்க்கிறவருக்குக் கண் தெரியாதே.

“எழுதிக் காட்டு பவுனு!” என்றான் சடையாண்டி.

“படிக்கத்தாண்ணே வரும்,” என்று பவுன்ராசு அழுதான்.

“முதலாளி, கோட்டுல ஒரு ஆளு படுத்திருக்காரு,” என்றான் தேனிக்காரன் ஒருவன்.

“அன்னைக்கு மாலை போட்டேனே, அவனாத்தான் இருக்கும். என் கேட்டுக்குள்ள எது நின்னாலும் வெட்டுவேன்னு சொல்லியாச்சு. ஆளைச் சுத்தி வெட்டு.”

முதல் வெட்டு செடிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. இரண்டாவது, அரை முழம். பெத்தணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இன்னொரு கையையும் செடிமேல் வைத்து மறைத்தான். எழுந்து ஓடலாம், ஓடவில்லை. அந்தக் கையில்தான் சின்ன வயதில் பாம்பு கடித்தபோது சிஸ்டர் ராத்திரி முழுக்கப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் வாசலில் ஜீப்பு வந்து நின்றது. சிஸ்டர் மதுரையிலிருந்து வந்துவிட்டார். மூடுபனிக்குள் பச்சை கேட்டையும், துவைகல்லையும், காய்கிற வெள்ளைச் சேலையையும் பார்த்து டிரைவரைக் கோபித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, நான் பள்ளத்தெருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீ மேட்டுத்தெருவுக்குக் கொண்டு வந்திருக்க.”

“இது பள்ளத்தெருதாம்மா.”

சிஸ்டர் ஆட்டைப் பார்த்தார். ஆடும் அவரைப் பார்த்தது. அதற்குள் மூன்றாவது வெட்டுக்கு மண்வெட்டி மேலே எழுந்ததையும், அதற்குக் கீழே பெத்தணன் கிடப்பதையும் பார்த்துவிட்டார். டாக்டர் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்ன புது முட்டியோடு ஜீப்பிலிருந்து இறங்கி, கைத்தடியை ஓங்கிக்கொண்டு கத்தினார்.

“நிறுத்துங்கடா! இது என் வீடு! இது பள்ளத்தெரு! பள்ளத்தெருடா! மேட்டுத்தெரு இல்ல!”

“ஐயையோ!” என்று மூன்று பேரும் ஒரே குரலில் அலறினார்கள். சடையாண்டி ஓடிப் போய்ச் செடி இருந்த மண்மேல் கவிழ்ந்து இரண்டு பக்கமும் பொத்தினான். “மெதுவா சிஸ்டரம்மா, மெதுவா! அதுக்கு இன்னும் தெரியாது!”

குரலை வைத்துச் சிஸ்டர் என்று கண்டுகொண்ட சங்கிலிமுத்து வெட்கத்தில் நெளிந்தார். அவரை மேட்டுத்தெருவுக்கு அழைத்துப் போக ஒரு ஆள் கூடப் போனான். கண் ஆபரேஷனுக்கு அன்றைக்கே சம்மதித்தார் என்பது தனிக் கதை.

சிஸ்டர் உடைந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். முளைமேல் இரண்டு விரல் மண். வேர் அறுபடவில்லை. காலை வெயில் பனியைக் கிழித்துக்கொண்டு சரியாக அந்த இடத்தில் விழுந்தது. பெரிய தோட்டக்காரனாலும் இதைவிட நன்றாக நட்டிருக்க முடியாது. சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரியில மூணு வாரமும் இத நெனச்சுத்தான்டா தூங்காமக் கெடந்தேன். நல்லா இருங்கடா. பெத்தணா, விரல எடுடா.”

பெத்தணன் எடுத்தான். மொக்கையன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

“நாங்க எழுதினது எழுதினபடி செஞ்சோம் சிஸ்டரம்மா. கடைசியில நீங்களே வாயத் தொறந்து சொல்லிட்டீகளே,” என்றான்.

வந்த மாசியில் சிவப்பு முளை ஐந்து எட்டிப் பார்த்தது. சித்திரையில் இலை தளதளவென்று வந்தது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. “இடம் மாத்தினா ஒரு வருஷம், ரெண்டு வருஷம் பூக்காதுடா. அதோட சுபாவம் அது,” என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். நான்கு பேரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிறகு ஊரே பார்க்க ஆரம்பித்தது. காய்கறிக்காரிகூட, “வாய அடக்கியிருக்கலாம் சிஸ்டரம்மா,” என்றாள்.

அதிலிருந்து அந்தப் பச்சை கேட்டுக்குள் யாரும் பள்ளத்தெரு என்று சொல்லக் கூடாது என்று மொக்கையன் கட்டு போட்டான். தபால்காரர் உறையின் முகவரியைக் கையால் மறைத்துக் கொடுத்தார். சங்கிலிமுத்து லாட்ஜுக்குத் தன் கேட்டைத் திருப்பிக் கேட்டபோது, தரலாம், ஆனால் எதிரே கேட்டு இல்லையென்றால் செடிக்குச் சந்தேகம் வரும் என்றார்கள். அவரும் விட்டுவிட்டார். இதனால் லாட்ஜைத் தேடி வருகிறவர்கள் பித்தளைப் பலகையைப் பார்த்துவிட்டுச் சிஸ்டர் வீட்டுக்குள் வந்து, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிறார்கள். சிஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

இரண்டாம் வருஷமும் பூக்கவில்லை. சிஸ்டருக்குச் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது.

மூன்றாம் வருஷம் பங்குனிக் கடைசியில் ஒரு மொட்டு வந்தது. கோலிக்குண்டு அளவு. அடுத்த வாரம் எலுமிச்சை அளவு. ரோஸ் நிறம் லேசாக எட்டிப் பார்த்தது. எறும்பு இரண்டு அதன்மேல் ஏறி இறங்கியது. அன்றைக்குப் பார்த்து, வீட்டுக் கணக்கெடுக்கப் புதிதாக வந்த அரசாங்க ஊழியர் ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து பேனாவை எடுத்தார்.

“அம்மா, இது எந்தத் தெருங்க?”

முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர், படித்தவர், செடிகொடி சுபாவம் தெரிந்தவர். சிஸ்டர் அந்த ஊழியரை ஒரு தடவை பார்த்தார். மொட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்து, அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், கேட்டைச் சாத்தி, இன்னும் பத்தடி தள்ளிப் போய், குனியச் சொல்லி அவர் காதில் கிசுகிசுத்தார்.

“பள்ளத்தெரு. சத்தம் போட்டு எழுதாதீங்க.”